துடைப்பம் சாத்தியிருந்த கதவு

2020 மார்ச் 23ஆம் தேதி இரவு பிரிட்டனில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களிலேயே புகைப்பட ஆர்வலர்களுக்கான யோசனைப் பட்டியல்கள் நாலா பக்கமிருந்தும் வர ஆரம்பித்துவிட்டன. வெளியே போக முடியாவிட்டால் என்ன, எடுப்பதற்கு வீட்டுக்குள்ளேயே எவ்வளவோ இருக்கிறது என்றன அவை. தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள், முள்கரண்டியின் நிழல், வெள்ளைத் தட்டில் வெள்ளை முட்டை, ஆவி படிந்த ஜன்னல் கண்ணாடி, பாத்திரம் தேய்க்கும் சோப்பு நுரை. ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ஒரு விளையாட்டை லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகம் பெரிதாக்கியது. வீட்டிலிருக்கும் மூன்று பொருட்களை வைத்துப் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றைப் போல நின்று படமெடுக்க வேண்டும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெர்மீரின் பெண்ணாக நின்றவர்கள் எத்தனையோ பேர்.

பட்டியல்களில் இருந்த பெரும்பாலானவற்றை நானும் எடுத்துப் பார்த்தேன். அவை பொய் சொல்லவில்லை. வெங்காயச் சருகை ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் அதன் நரம்புகள் மேலிருந்து பார்க்கும் ஆற்றுப்படுகையைப் போலத் தெரிகின்றன. எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் அதன் அடியில் வட்டவட்டமாக ஆயிரம் கீறல்கள் எழுந்து நிற்கும். எல்லாம் நாரால் தேய்த்த கோடுகள். காலை எட்டரை மணி வெயில் எங்கள் சமையலறைக் குழாயில் பட்டு எதிர்ச்சுவரில் ஐந்து நிமிடம் நடுங்கிவிட்டுப் போகும் என்பது, அந்த வீட்டில் ஒன்பது வருடம் குடியிருந்த பிறகு அந்த ஏப்ரலில்தான் எனக்குத் தெரிந்தது. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு எட்டரை மணி வெயில் கிடையாது.

இதில் அறம் பற்றிய கேள்வி எங்கே வந்தது என்று கேட்கலாம். முட்டைக்கு வலிக்கப்போவதில்லை. வெங்காயச் சருகிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. போர்க்களத்திலும் பஞ்சத்திலும் படமெடுப்பவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகளைச் சமையலறை மேடையில் குனிந்து நிற்பவனிடம் கேட்பது அசட்டுத்தனம் என்றுகூடத் தோன்றும். ஆனால் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. ‘கவனி’ என்றால் உற்றுப்பார் என்றும் பொருள், உபசரி, பேணு என்றும் பொருள். கல்யாண வீட்டில் நன்றாகக் கவனித்தார்கள் என்றால் நம்மை உற்றுப்பார்த்தார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ‘பார்’ என்பதும் அப்படித்தான். வீட்டைப் பார்க்கிறேன் என்பதற்கும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கும் நடுவே ஒரு துணைவினைதான் இருக்கிறது. அந்தத் துணைவினையின் தூரம் எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. ஒரு பொருளை ஆழ்ந்து பார்ப்பவன் அதைப் பேணுகிறவனாகவும் ஆகிவிடுகிறானா? அல்லது பார்ப்பதன் சுகமே பேணும் வேலையிலிருந்து அவனுக்கு விடுப்பு கொடுத்துவிடுகிறதா?

புகைப்படக்கலையே வீட்டு ஜன்னலில்தான் பிறந்தது. நிசெஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827இல் தன் பிரெஞ்சு கிராமத்து வீட்டின் மாடி ஜன்னலிலிருந்து எடுத்த கூரைகளின் படம்தான் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா படம். இங்கிலாந்தின் லேக்காக்கில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் தன் வீட்டுச் சாளரத்தை எடுத்தார். இன்றுவரை தப்பிப் பிழைத்திருக்கும் மிகப் பழைய நெகட்டிவ் அது, ஏறக்குறைய ஒரு தபால்தலை அளவு. அதற்காக அவர் வீடெங்கும் வைத்திருந்த சின்ன மரப்பெட்டிகளை அவர் மனைவி எலிப்பொறிகள் என்று கேலி செய்வாராம். ஆக, வீட்டுக்குள் முடங்கி ஜன்னலை எடுப்பது பொதுமுடக்கம் கண்டுபிடித்த விஷயமே அல்ல. முதலில் செய்ததற்கே திரும்பிப் போனோம், அவ்வளவுதான்.

அந்த முதல் படங்களில் ஒரு வினோதம் உண்டு. 1838இல் லூயி தாகேர் பாரிஸில் தன் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய வீதியை எடுத்தார். பட்டப்பகல், வண்டிகளும் மனிதர்களும் நிறைந்த வீதி. ஆனால் படத்தில் வீதி காலியாக இருக்கிறது. ஒளி பதிய நிமிடக்கணக்கில் ஆனதால் நடந்தவர்கள் யாரும் பதியவில்லை. ஓரத்தில் ஒருவர் மட்டும் தெரிகிறார். காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வதற்காகக் காலைத் தூக்கி வைத்து அசையாமல் நின்றவர். கேமராவில் விழுந்த முதல் மனிதர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பாலிஷ் போட்டவரின் கை அசைந்துகொண்டே இருந்ததால் அவர் வெறும் மங்கலாக எஞ்சினார். சேவை பெற்றவர் தெளிவு, செய்தவர் கலங்கல். இதில் யாருடைய சதியும் இல்லை. ரசாயனம் அப்படி. ஆனாலும் ரசாயனம் ஏன் இவ்வளவு பொருத்தமாக நடந்துகொண்டது என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு.

டால்பட்டின் இன்னொரு படம் 1844இல் எடுத்தது. திறந்த கதவு, உள்ளே இருட்டு, கதவோரம் சாத்திவைத்த ஒரு நீளத் துடைப்பம். ‘இயற்கையின் தூரிகை’ என்று பெயர் சொல்லத்தக்க தன் நூலில் அதைச் சேர்த்தபோது, அன்றாடப் பொருட்களை வரைந்த டச்சு ஓவியர்களைத் தன் பக்கச் சாட்சிகளாக அவர் அழைத்துக்கொண்டார். அழகான படம்தான். துடைப்பத்தின் சாய்வும் நிழலின் சாய்வும் ஒன்றோடொன்று பேசுகின்றன. பெருக்கியவர் மட்டும் இல்லை. பெருக்கிக்கொண்டிருப்பவரை அன்றைய கேமராவால் பிடித்திருக்கவும் முடியாது. வேலையைக் காட்ட வேண்டுமென்றால் வேலையை நிறுத்தித்தான் காட்ட முடியும். பட்டியல்கள் எங்களுக்குச் சொல்லித்தந்த முள்கரண்டி, முட்டை, சோப்பு நுரை எல்லாமே அந்தத் துடைப்பத்தின் சந்ததிகள்.

அறைக்குள் அடைபட்டு அறையையே உலகமாகப் பார்ப்பதற்குப் படத்துக்கும் முந்தைய முன்னோடி ஒருவர் இருக்கிறார். ஸவியெ த மெய்ஸ்த்ர் என்ற ராணுவ அதிகாரி. 1790இல் தூரின் நகரில், சண்டையிட்டதற்குத் தண்டனையாக 42 நாட்கள் அறையிலேயே இருக்கும்படி ஆயிற்று. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து மேசைக்கும் போவதை ஒரு தேசாந்திரியின் பாவனையில் எழுதினார். 1794இல் வெளிவந்த அந்தப் புத்தகம் 2020இல் மறுபடியும் எங்கும் பேசப்பட்டது. பேசியவர்கள் பலரும் கண்டுகொள்ளாமல் போனவர் ஜோவனெத்தி. அவர் அந்த அதிகாரியின் வேலையாள். காலையில் எஜமானர் எழுவதற்கு முன்பே வந்து காபி போடுகிறவர். அறைக்குள் அற்புதப் பயணம் போனவருக்குக் காபி வெளியிலிருந்து வந்தது. நியாயமாகச் சொன்னால் மெய்ஸ்த்ர் அவரை மறைக்கவில்லை. அன்போடுதான் எழுதுகிறார். மறைத்தது பிற்கால மேற்கோளாளர்கள்.

அந்த வசந்தத்தில் ஜோவனெத்திகள் நிறையப் பேர் இருந்தார்கள். நான் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வேலை பார்த்தேன். கூட்டங்களுக்கு நடுவே சுவரில் விழும் வெயிலை எடுத்தேன். என் மனைவி மருந்தாளுநர். அவளுக்கு வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சுக்கே இடமில்லை. மருந்துக்கடை வாசலில் நடைபாதை நீளத்துக்கு வரிசை. பகல் முழுக்க முகக்கவசம். இரவு வரும்போது மூக்குத்தண்டிலும் கன்னத்திலும் சிவந்த தடம் பதிந்திருக்கும். இத்தாலியத் தாதியரின் முகத் தடங்கள் அப்போது உலகம் முழுவதும் பகிரப்பட்டுக்கொண்டிருந்தன. அவை ஒரு வகைமையாகவே ஆகியிருந்தன. கூடத்து விளக்கு பக்கவாட்டில் விழ அவள் நாற்காலியில் அமர்ந்திருந்த ஒரு நாள், ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். காரணமும் சொன்னாள்.

“நாளைக்கும் இதே மூஞ்சியோடதான் போகணும். இதை நீங்க அழகா எடுத்துட்டீங்கன்னா, பார்க்கறவங்கல்லாம் ஆகா, தியாகம்னு சொல்லுவாங்க. அப்புறம் வலிக்குதுன்னு நான் யார்கிட்ட சொல்றது?”

அழகு என்பது ஒரு வலியின் மேல் போர்த்தும் பொன்னாடை என்றால், போர்த்தப்பட்டவர் அதற்குப் பிறகு மேடையில் நின்று புலம்ப முடியாது. கௌரவித்தாயிற்று, இன்னும் என்ன வேண்டும் என்றுதான் கூட்டம் கேட்கும். அந்த மார்ச் 26 முதல் பத்து வாரம், வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்கு இந்த நாடு வாசலில் வந்து நின்று சுகாதாரப் பணியாளர்களுக்குக் கைதட்டியது. நானும் தட்டினேன். அது உண்மையான நெகிழ்ச்சிதான், பாவனை இல்லை. அதே வாரங்களில்தான் பாதுகாப்பு உடைகள் போதவில்லை என்று மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் சொல்லிக்கொண்டிருந்தன. கைதட்டலுக்கும் கையுறைக்கும் நேரடிப் போட்டி கிடையாது. ஆனால் ஒன்று சுலபமாகக் கிடைக்கும்போது மற்றொன்றைக் கேட்பவரின் குரல் கொஞ்சம் அநாகரிகமாக ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. என் மனைவி சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவள் இவ்வளவு சுற்றி வளைக்கவில்லை.

லண்டனின் தேசிய உருவப்பட அரங்கம் அந்த மே மாதம் நாட்டு மக்களிடம் படங்கள் கேட்டது. ‘அசையாமல் இருங்கள்’ என்பது அந்தத் திட்டத்தின் பெயர். ஆறு வாரத்தில் 31,598 படங்கள் வந்தன. நூறு தேர்வாயின. அவற்றில் முகக்கவசத் தடங்களும் உண்டு, கண்ணாடி வழியே உறவினரைச் சந்திக்கும் குழந்தைகளும் உண்டு. பார்க்கத்தக்க தொகுப்பு. பெயரில்தான் எனக்குக் கண் நின்றது. அசையாமல் இருக்கக் கொடுத்துவைத்தவர்கள் யார், அசைந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தவர்கள் யார் என்ற வரி அந்த ஆண்டு நாட்டின் குறுக்கே ஓடியது. எங்கள் வீட்டின் குறுக்கேயும்.

இவ்வளவையும் வடக்கு லண்டனில் ஒற்றை அறையில் தனியாக வாழும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பல்பொருள் அங்காடியின் கிடங்கில் இரவு வேலை. முடக்கம் தொடங்கிய நாள் முதல் வேலை முடிந்து வந்து, தன் அறையின் ஒரே ஜன்னலைக் காலையில் ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் படுப்பார். தினமும் அதே ஜன்னல், அதே செங்கல் சுவர், அதே சாக்கடைக் குழாய். சில நாள் ஒரு புறா. அவரிடம் இந்த அறக் குழப்பங்கள் எதுவும் செல்லுபடியாகவில்லை.

“தம்பி, நீங்கள் இதுக்கு ஊரடங்கு எண்டு பேர் வைச்சிருக்கிறியள். எங்களுக்கு அந்தச் சொல் வேற. அந்த நாளில ஜன்னலுக்குக் கிட்டப் போகவே விட மாட்டினம். இப்ப ஜன்னலைத் திறந்து வைச்சுப் படம் எடுக்கிறன். இதில என்ன பிழை?”

பிழை ஒன்றுமில்லை. பிராகாவில் ஜோசப் சுடெக் அதையேதான் செய்தார். முதல் உலகப்போரில் வலது கையை இழந்தவர். நாஜி ஆக்கிரமிப்பில் வெளியே கேமராவோடு திரிவது ஆபத்தாக ஆனபோது, 1940இல் தன் சிறிய மரக்கூட ஸ்டூடியோவின் ஜன்னலை எடுக்கத் தொடங்கினார். போர் முடிந்தும் நிறுத்தவில்லை, 1954 வரை எடுத்தார். பனி படிந்த கண்ணாடி, அப்பால் வளைந்த ஒரு மரம், விளிம்பில் ஒரு கோப்பை நீர். அந்தப் படங்களிடம் போய் இந்தக் கோப்பையைக் கழுவியது யார் என்று கேட்பது மூர்க்கம். தனித்திருப்பவனுக்கு, அடைபட்டவனுக்கு, தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதே ஒரு சாட்சியம். மனம் பேதலிக்காமலிருக்க முட்டை ஓட்டைப் படமெடுத்தவர் யாராயிருந்தாலும் அவரோடு எனக்கு வழக்கில்லை.

நண்பர் அதோடு விடவில்லை. வீட்டுப் பொருட்களை எடுத்து என்ன ஆகப்போகிறது என்று நான் சலித்துக்கொண்டதற்குப் பதிலாக இதைச் சொன்னார். 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் வெளியேறியபோது அவருடைய தாயார் எடுத்துக்கொண்டுபோன பையில் ஆல்பமும் இருந்தது. அது இன்றும் அவரிடம் இருக்கிறது.

“அதில அக்காவின்ர சாமத்திய வீடு இருக்கு, கலியாணம் இருக்கு, ஸ்டூடியோவில எடுத்த குடும்பப் படம் இருக்கு. எங்கட குசினியின்ர படம் ஒண்டும் இல்லை. அம்மா அவ்வளவு காலமும் நிண்டது குசினியிலதான்.”

நம் எல்லோருடைய பழைய ஆல்பங்களிலும் இந்த ஓட்டை இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆல்பமானாலும் வலிகாமத்து ஆல்பமானாலும் சமையற்கட்டு இல்லை, கிணற்றடி இல்லை, அம்மிக்கல் இல்லை. ஒரு ஃபிலிம் சுருளில் 36 படங்கள்தான். அதை அடுப்புக்கும் அண்டாவுக்கும் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? படம் என்பது விசேஷத்துக்கு. விசேஷம் என்பது கூடத்தில். கூடத்துக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்பது ஆல்பத்துக்குத் தேவைப்படவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பாட்டியை அறிவதெல்லாம் பட்டுப்புடவையில் விறைத்து நிற்கும் ஒரு உருவமாகத்தான். அந்தப் பாட்டி தன் வாழ்நாளில் அப்படி நின்ற மொத்த நேரம் ஒரு மணிகூட இருக்காது.

அதன் பிறகு நான் எடுத்தவற்றில் எனக்குப் பிடித்தது ஒரு தூக்குச்சட்டியின் மூடி. என் பாட்டியின் பெயர் அதில் வெட்டியிருக்கிறது. பாத்திரக்கடையில் பேர் போடணுமா என்று கேட்டு, ஊசியால் டிக்டிக்கென்று குத்திக்குத்தி எழுதித் தருவார்களே, அந்தப் புள்ளி எழுத்து. முதல் எழுத்து, பெயர், கீழே தேதி: 12-6-64. சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு பள்ளமாகத் தெரிகிறது. ஒரு எழுத்தில் புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கிறது, பெயர் வெட்டியவரின் கை அன்று அந்த இடத்தில் நழுவியிருக்க வேண்டும். இந்தப் படத்திலும் ஆள் இல்லைதான். ஆனால் இரண்டு கைகளின் தடம் இருக்கிறது. வெட்டியவருடையது ஒன்று. தேய்த்துத்தேய்த்துத் தேதியின் ஓரத்தை மழுங்கடித்த பாட்டியுடையது மற்றொன்று.

பார்ப்பதே ஒரு அறச்செயலாக முடியும் என்று உறுதியாக வாதாடியவர் ஐரிஸ் மர்டாக். அவர் தந்த உதாரணம் தமிழ் வாசகர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும், ஏனென்றால் அது ஒரு மாமியார் மருமகள் கதை. 1970இல் வந்த அவருடைய தத்துவ நூலில் இருக்கிறது. மாமியாருக்கு மருமகளைப் பிடிக்கவில்லை. பட்டிக்காட்டுத்தனம், மட்டுமரியாதை தெரியாதவள், ஓயாத சத்தம். ஆனால் மாமியார் நாகரிகமானவர், வெளியே எதையும் காட்டிக்கொள்வதில்லை. நாளாக ஆக, தன் பார்வையில் பொறாமையும் பழமைவாதமும் கலந்திருக்கலாம் என்று அவருக்கே தோன்றுகிறது. இன்னொரு முறை பார்ப்போம் என்று பார்க்கிறார். பட்டிக்காட்டுத்தனம் எளிமையாகத் தெரிகிறது, சத்தம் உற்சாகமாகத் தெரிகிறது. நடத்தையில் எந்த மாற்றமும் இல்லை, முன்பும் மரியாதை, இப்போதும் மரியாதை. ஆனாலும் அந்த மாமியார் ஒன்றைச் செய்திருக்கிறார் என்பது மர்டாக்கின் வாதம். இந்தச் செயல் முழுக்க மனத்துக்குள்தான் நடந்தது என்பதை உறுதிப்படுத்த அவர் ஒரு நிபந்தனையும் சேர்க்கிறார். மகனும் மருமகளும் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம், அல்லது மருமகள் இறந்துபோய்விட்டாள் என்று வைத்துக்கொள்வோம் என்கிறார். புலம்பெயர்தலும் மரணமும் ஒரே வாக்கியத்தில், ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாக! ஆக்ஸ்ஃபோர்டுக்காரருக்கு அது ஒரு தர்க்க வசதி. இந்த இதழைப் படிப்பவர்களில் பலருக்கு அது குடும்ப வரலாறு.

கேமரா வழியான பார்வை மர்டாக் சொல்லும் பார்வையா? சூசன் சொன்டாக் இல்லை என்பார். 1977இல் வந்த தன் நூலில் அவர் படமெடுப்பதைக் கைப்பற்றுவதோடும், தலையிடாமல் நிற்பதோடும் சேர்த்துப் பேசுகிறார். படமெடுப்பவர் தலையிட முடியாது, தலையிடுபவர் படமெடுக்க முடியாது. போர்க்களத்தைவிட இது சமையலறையில்தான் சுத்தமாகப் பொருந்துகிறது. நிரம்பிய பாத்திரத் தொட்டியைப் பார்த்து நிற்பவனுக்கு இரண்டு வழிதான். கழுவலாம் அல்லது எடுக்கலாம். எடுத்துவிட்டுக் கழுவினால் ஆகாதா என்றால், ஆகும். படத்தைப் பார்ப்பவருக்குப் பின்னால் கழுவியது தெரியப்போவதில்லை. இரண்டு படமும் ஒரே மாதிரிதான் இருக்கும். எனவே வித்தியாசம் படத்தில் இல்லை, மர்டாக்கின் மாமியாருடையதைப் போல வெளியே தெரியாத இடத்தில் இருக்கிறது. அங்கே மர்டாக் வெல்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு திருத்தத்தோடு: மாமியார் மாற்றிப் பார்த்தது மருமகளை. துடைப்பத்தை அல்ல.

துடைப்பத்திலிருந்து ஆளுக்கு வந்தால் கணக்கு இன்னும் கடினமாகிறது. மசாஹிசா ஃபுகாசே என்ற ஜப்பானியக் கலைஞர் 1973இல், காலையில் வேலைக்குக் கிளம்பும் தன் மனைவி யோகோவைத் தங்கள் மாடிக் குடியிருப்பின் ஜன்னலிலிருந்து தொடர்ந்து எடுத்தார். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் யோகோ ஒருநாள் சிரிக்கிறார், ஒருநாள் முறைக்கிறார், ஒருநாள் நாக்கை நீட்டுகிறார். உயிருள்ள படங்கள், சந்தேகமே இல்லை. அந்தக் காலத்திலேயே யோகோ தன் தரப்பையும் எழுதினார். கணவர் தன்னை லென்ஸ் வழியாக மட்டுமே பார்த்தார், அந்தப் படங்களில் இருப்பதெல்லாம் தான் அல்ல, அவரேதான் என்பது அதன் சாரம். 1976இல் பிரிந்தார்கள். ஃபுகாசேயின் மிகப் புகழ்பெற்ற தொகுப்பு அதன் பிறகு வந்தது, காக்கைகளைப் பற்றியது. காக்கைகள் அறிக்கை விடுவதில்லை.

யோகோவுக்கு ஒன்று இருந்தது. காலையில் அவர் வாசலைத் தாண்டிப் போக முடிந்தது. 2020இல் வீட்டிலிருந்த யாருக்கும் அது இல்லை. மாதிரி உருவமாக நிற்கும் மனைவியோ பிள்ளையோ வயதான தகப்பனாரோ, ஃப்ரேமை விட்டு வெளியேற வேண்டுமானால் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். தெருவில் படமெடுப்பவரிடமிருந்து மக்கள் விலகி நடக்கலாம். வீட்டில் எடுப்பவரிடமிருந்து அப்போது யாராலும் விலக முடியவில்லை. குடும்பத்தாரிடம் என்ன கேட்பது, அவர்கள் நம்மவர்கள்தானே என்ற நம்முடைய வழக்கமான பதில் இங்கே மிகவும் பலவீனமானது. நம்மவர் என்பதால்தான் அவர்களால் மறுக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் இதற்குச் சட்டம் போட்டவள் மகள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கேட்டுவிட்டு எடு, எடுத்ததைக் காட்டு, நான் அழி என்றால் அழி. மூன்றே விதிகள். பள்ளியில் சம்மதம் என்பதைப் பற்றி என்ன சொல்லிக்கொடுத்தார்களோ அதை அப்படியே அப்பாவின் மேல் பிரயோகித்தாள். என் தலைமுறையில் பிள்ளைகள் அப்பாவிடம் இப்படிப் பேசியதில்லை என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. அந்த விதிகளின்படி பிழைத்த படங்கள் குறைவு. இருப்பவற்றில் அவள் முகத்தில் ஒரு அலாதியான அலட்சியம் இருக்கிறது, பார்த்துக்கொள் போ என்பதுபோல.

படத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாத ஒரு வழியும் உண்டு. கியூபாவில் பிறந்து 1962இல் குடும்பத்தோடு வெளியேறி அமெரிக்காவில் வளர்ந்தவர் அபெலார்டோ மொரெல். மகன் பிறந்த பிறகு வீட்டுப் பொருட்களைக் குழந்தையின் உயரத்திலிருந்து எடுக்கத் தொடங்கியவர். 1991இல் தன் வீட்டு அறையையே இருட்டடித்துக் கேமராவாக்கினார். ஜன்னலைக் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடி ஒரு சிறு துளை மட்டும் விட்டால், வெளியே இருக்கும் தெரு முழுவதும் உள்ளே சுவரில் தலைகீழாக விழும். முடக்கத்தில் பலரும் இதைச் செய்தார்கள். குப்பை போடும் கறுப்புப் பைகளும் ஒட்டுநாடாவும் போதும். எங்கள் பின்னறையில் ஒரு சென்டிமீட்டர் துளை போட்டேன். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகும். பிறகு கூரையிலிருந்து மரங்கள் கீழ்நோக்கி வளர்வது தெரியும்.

புதன்கிழமை குப்பை வண்டி வந்தது. மஞ்சள் சட்டை போட்ட மூன்று பேர் எங்கள் விட்டத்தில் தலைகீழாக நடந்து தொட்டிகளை இழுத்துப்போனார்கள். அண்டை வீட்டார் தொட்டியின் மேல் நன்றி எழுதி ஒட்டியிருந்த காகிதத்தை ஒருவர் நின்று படிப்பதுகூட மங்கலாகத் தெரிந்தது. படம் எடுக்க வழியில்லை. மொரெலின் முறையில் ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் ஒளி விட வேண்டும், அந்நேரத்துக்கு நடப்பவர்கள் யாரும் பதிய மாட்டார்கள். தாகேரின் வீதியைப் போல மறுபடி காலி. வெறும் கண்ணுக்கு மட்டுமே அந்த மூவரும் கிடைத்தார்கள். அருகில் உட்கார்ந்திருந்த மகள் கிசுகிசுப்பாகக் கேட்டாள், “நாம பார்க்கறது அவங்களுக்குத் தெரியாதுல்ல?” தெரியாது என்றேன். அவள் எழுந்து போய் முன்கதவைத் திறந்து கையசைத்துவிட்டு வந்தாள்.

இந்தியாவில் அந்த மாதங்களில் விமானம் இல்லை. கும்பகோணத்தில் அம்மா தனியாக இருந்தாள். நான் அனுப்பிய வெங்காயச் சருகுக்கும் குழாய் வெயிலுக்கும் அவளிடமிருந்து கூப்பிய கை ஒன்று பதிலாக வரும், அவ்வளவுதான். அவள் அனுப்பும் படங்கள் வேறு ரகம். சிலிண்டர் வந்துவிட்டது, இதோ. மோட்டார் ரிப்பேர், இந்த ஒயரா பார். மே மாதத்தில் ஒருநாள் ஒரு மாத்திரை அட்டையின் படம் வந்தது. வழக்கமான கம்பெனி மாத்திரை கடையில் இல்லையாம், இது சரிதானா என்று மருமகளிடம் கேட்கச் சொல்லியிருந்தாள். ஓரத்தில் கட்டைவிரல். அட்டை மங்கல், கைபேசி பின்னணியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. மனைவி படத்தைப் பெரிதாக்கி எழுத்தைக் கஷ்டப்பட்டுப் படித்து, அதே மருந்துதான், போட்டுக்கொள்ளலாம் என்றாள். நான் பின்னணியைப் பெரிதாக்கினேன். துல்லியமாக இருந்தது. மேசை விரிப்பு, ஒரு தட்டு, பாதி தயிர்சாதம், ஒரே ஒரு மாவடு. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே முக்கால். அம்மா பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிறவள், என் நினைவு தெரிந்த நாள் முதல்.

உடனே கூப்பிட்டேன். மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஏன் இவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிடுகிறாய், அதுவும் வெறும் தயிர்சாதம் என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை.

“நான் மாத்திரையைத்தானேடா அனுப்பினேன். தட்டை எதுக்குப் பார்த்தே?”

அடுத்த மாதம் வேறொரு அட்டையின் படம் வந்தது. மேசையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, அதன் நடுவில் அட்டையை வைத்து, நேர் மேலிருந்து எடுத்திருந்தாள். எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. துண்டின் நான்கு ஓரத்துக்கும் வெளியே எதுவும் தெரியவில்லை.